ஓய்வுநாள் முடிவதற்குள்

அன்று மழை பெய்ததாகவே எனக்கு நினைவிருக்கிறது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, தெருவிளக்கு அதில் கலங்கித் தெரிந்தது. ஆனால் அது செப்டம்பர். யூதப் புத்தாண்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. அந்த மாதத்தில் கிவதாயிமில் மழை பெய்வதில்லை. வேறு ஏதோ ஒரு வெள்ளிக்கிழமையின் ஜன்னலை இந்த வெள்ளிக்கிழமையில் மாட்டி வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. ஜன்னலிலேயே இப்படித் தவறு வரும் என்றால், அன்று பேசிய பேச்சுகளை மட்டும் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று என்ன நிச்சயம்? இருந்தாலும் பேச்சுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன என்று நம்புகிறேன். நான் அதிகம் பேசிய நாள் அது ஒன்றுதான். பெயர்களில் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஹைஃபாவில், ஹதார் பக்கத்துப் படிக்கட்டுத் தெரு ஒன்றில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தேன். வருகிறவர்கள் பேசாமல் வந்து, பேசாமல் புரட்டி, பேசாமல் போய்விடுவார்கள். எனக்கு அது ஒத்துவந்தது. நாள் முழுவதும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். சில நாள் கடையைப் பூட்டும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது தெரியும். அதை நான் குறையாக நினைத்ததில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. இளவயதில் ஒரு கல்யாணம் நடந்து, ஒரு வருடம்கூட நிற்காமல் முடிந்தது. அவள் நல்லவள். அவள் தொட வந்தால் என் உடம்பு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். மூச்சு பாதியில் நிற்கும், கை ஜில்லிட்டுப் போகும். வெட்கம் என்று முதலில் நினைத்தோம். பிறகு அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வர ஆரம்பித்தது. அதற்குமேல் அவளைக் கட்டிவைத்திருப்பது நியாயமில்லை என்று விலகிக்கொண்டோம். அதற்குப் பிறகு இருபது வருடம், முடிவெட்டுகிறவரைத் தவிர, யாரும் என்னைத் தொடவில்லை.

என் கடைக்கு எதிரில் திர்ஸாவின் மூக்குக்கண்ணாடிக் கடை. கணவர் மோனி இறந்தபிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். மத்தியானத்தில் அவள் கடைக்குள் வெயில் நேராக விழும் என்பதால் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். ஒரு நாள் சொன்னாள்:

"நீங்க பேசாம இருக்கிறது எனக்குப் பழகிப்போச்சு, அஸ்ரியேல். ஆனா பேசாம இருக்கிறப்பல்லாம் என் தக்காளியவே பாக்கறீங்க. ஒண்ணு அதச் சாப்பிடுங்க, இல்ல என்னப் பாருங்க."

நான் தக்காளியைச் சாப்பிட்டேன்.

ஒரு மாலை காபி குடிக்க வீட்டுக்கு வரச் சொன்னாள். போனேன். அவள் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி வரைக்கும் ஏறினேன். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திறந்த கதவுக்குப் பின்னால் என்ன காத்திருக்கிறது என்று யோசித்ததும் கைகள் ஜில்லிட்டன, இறங்கிவிட்டேன். அவள் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"நேத்து எங்க படிக்கட்டுல ஒரு திருடன் வந்தான். பாவம், ஒண்ணும் எடுக்காமப் போயிட்டான்."

அந்த வாரம்தான் என் டாக்டர் எப்போதோ கொடுத்திருந்த தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டேன். டெல் அவிவில் ஹெம்தா என்கிற மனநல மருத்துவரின் கிளினிக். நேரடியாகவே விளக்கினார். அவர், நான், பயிற்சி பெற்ற ஒரு துணை, ஆக மூன்று பேர். பேச்சால் திறக்காத கதவைப் பழகித் திறப்பது. கிளினிக்குக்கென்று இருக்கும் சிறிய வீட்டில் நானும் துணையும் வாரம் ஒருமுறை சந்திப்போம். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் இருவரும் தனித்தனியாக அவரிடம் வந்து பேச வேண்டும். துணையாக இருப்பவர் கல்யாணமானவராக இருக்கக் கூடாது. அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியக் கூடாது. வெளியே சந்திக்கக் கூடாது. முடிவில் பிரிவு உண்டு, அதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். போரில் காயம்பட்ட சிப்பாய்கள் நிறையப் பேர் அங்கே வந்ததால், எங்கள் ஊரில் இது அவ்வளவு விசித்திரமான விஷயமும் இல்லை.

"அப்ப அந்த அன்பு நடிப்பா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"நீச்சல் கத்துக்கிற குளத்துல இருக்கிற தண்ணி நடிப்பா?" என்றார் ஹெம்தா. "தண்ணி தண்ணிதான். கடல் இல்ல, அவ்வளவுதான்."

துணையின் பெயர் தால்யா என்று சொன்னார்கள். என் வயதுதான் இருக்கும். முதல் சந்திப்பில் ஒரு தட்டில் உலர்ந்த அத்திப்பழம் வைத்திருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ கம்பளம் தட்டுகிற சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றது. நேரம் முடிகிறபோது அவள் சொன்னாள்:

"எங்க வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க. எனக்கு இது லீவு மாதிரி இருந்துச்சு. அடுத்த வாரமும் வாங்க."

அடுத்தடுத்த வாரங்களில் கை. கண்ணை மூடிக்கொண்டு அவள் கையை நான் தொட வேண்டும், பிறகு என் கையை அவள். "எனக்குப் பிடிக்கணும்னு தொடாதீங்க. உங்களுக்கு என்ன தெரியுதுன்னு தொடுங்க. கல்லத் தொடுறோம், இலையத் தொடுறோம், அது மாதிரி" என்பாள். அவள் விரல்கள் சொரசொரப்பாக இருந்தன, நகத்தோரம் வெடித்திருந்தது. தோட்ட வேலை செய்கிறவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கைக்குப் பிறகு முகம், பிறகு முதுகு. ஜில்லிட்டால் நிறுத்திவிடுவோம். நிறுத்தலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. கல்யாணமான காலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சகித்துக்கொள்வது, இல்லையென்றால் ஓடுவது. நடுவில் நின்று, "இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறு" என்று சொல்லலாம் என்பதை நாற்பத்தேழு வயதில் கற்றுக்கொண்டேன்.

கோடையின் நடுவில் ஒரு நாள், பக்கத்தில் படுத்திருந்த அவள் கை என் நெஞ்சின்மேல் இருக்க, நான் தூங்கிப்போனேன். விழித்தபோது அவள் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். ஹெம்தாவிடமும் கேட்டேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"தூங்கினீங்களா! அஸ்ரியேல், இந்த வருஷம் இங்க நடந்த நல்ல விஷயம் இதுதான்."

மீதமிருந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் நான் அங்கே போயிருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் திர்ஸா என் கடைக்குச் சாப்பாடு இல்லாமல் வந்தாள்.

"கடை வாடகை ஒப்பந்தம் பண்டிகையோட முடியுது. தெக்க எய்லாத்துல இருக்கற பையன் அங்க வந்துடுன்னு கூப்பிடுறான். எனக்கு அந்த வெயில் ஆகாது, ஆனா இங்கயும் எதுக்கு இருக்கேன்னு தெரியல. ஹைஃபாவுல இருக்க ஒரு காரணம் இருந்தா நீங்க சொல்லுங்க. பண்டிகைக்கு அப்புறம்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த நாட்டுல எல்லாமே பண்டிகைக்கு அப்புறம்தான். குழாய் ரிப்பேர்காரன் பண்டிகைக்கு அப்புறம், பல் டாக்டர் பண்டிகைக்கு அப்புறம். நீங்க முன்னாடி சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன்.

அன்று பார்ப்பதற்குத் தக்காளிகூட இல்லை.

அவளிடம் என்ன சொல்வது என்று நான் தெளிவாகவே வைத்திருந்தேன். எதுவும் சொல்வதில்லை. முதலில் தால்யாவோடு எல்லாம் முடியட்டும். முழு ஆளாகிவிட்டு, பண்டிகைக்கு ஒருநாள் முன்னால் போய்ச் சொல்லலாம். அரைகுறையாக ஒருவன் போய் நின்று என்ன பயன்? அப்படித்தான் யோசித்தேன்.

என் அக்கா ஸியோனா டெல் அவிவை ஒட்டிய கிவதாயிமில் இருந்தாள், ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை. அம்மாவுக்குப் பிறகு என்னை வளர்த்தது அவள்தான். எனக்குப் பெண் பார்ப்பதை அவள் இருபது வருடமாக நிறுத்தவில்லை. மருந்துக்கடை வரிசை, தபால் ஆபீஸ் வரிசை, எங்கே நின்றாலும் முன்னால் நிற்கிற பெண்ணின் விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவாள். அந்த வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வந்துடு. நான் பானை செய்யக் கத்துக்கற வகுப்பு டீச்சரும் வர்றா."

"அக்கா."

"சும்மாடா! தனியா இருக்கா, ரெண்டு தெரு தள்ளி வீடு, சாப்பிட வர்றா. அதுக்குமேல ஒண்ணுமில்ல. நல்ல சட்டை போட்டுட்டு வா."

வெள்ளிக்கிழமை கடைசி ரயிலில் போய், சனிக்கிழமை மாலை ஓய்வுநாள் முடியும்வரை தங்கி, இரவு திரும்புவது வழக்கம். அன்றும் அப்படித்தான் போனேன். அக்கா விளக்கேற்றி முடித்திருந்தாள். ஓய்வுநாள் தொடங்கிவிட்டது, மின்சார மணியை அடிக்கக் கூடாது என்பதால் விருந்தாளி கதவைத் தட்டினாள். அக்கா திறந்தாள்.

வாசலில் தால்யா நின்றாள்.

வெள்ளைச் சட்டை, கையில் துண்டில் சுற்றிய மண் கிண்ணம். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"இது ஸ்மதார், எங்க டீச்சர்" என்றாள் அக்கா. "இது என் தம்பி அஸ்ரியேல். பேச மாட்டான், ஆனா நல்லா சாப்பிடுவான். கை குடுடா, கடிக்க மாட்டா!"

ஒரு கோடை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு படித்த கையை, முன்பின் தெரியாதவனைப் போல, மோசமாகக் குலுக்கினேன்.

"சபாத் ஷலோம்" என்றாள், ஓய்வுநாள் வாழ்த்தாக.

"சபாத் ஷலோம்" என்றேன்.

அத்தான் ரஹமிம் திராட்சை ரசத்தின்மேல் ஆசீர்வாதம் சொன்னார். காரமான சிவப்புக் குழம்பில் மீன் வந்தது. பிறகு ரவையில் செய்த கூஸ்கூஸ், உருளைக்கிழங்கைப் பிளந்து நடுவில் கறி வைத்துப் பொரித்த மஃப்ரூம். எங்கள் அப்பா திரிப்போலியிலிருந்து கொண்டுவந்தது அந்த ருசி ஒன்றைத்தான் என்று அக்கா சொன்னாள். நான் தட்டைப் பார்த்தேன். ஸ்மதாரும் தட்டைப் பார்த்தாள். இரண்டு பேரும் வெட்கப்படுகிறோம் என்று அக்கா எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ரஹமிம், வா, அடுப்பப் பாத்துட்டு வரலாம்."

"அடுப்புல என்ன பாக்கணும்?"

"வான்னா வா!"

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து அத்தான் குரல் கேட்டது: "சூரியன் மறையறதுக்கு முன்னாடி போட்ட சூட்டுத்தட்டு. ஏத்தவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சபாத்துல அதப் பாத்து நான் என்ன பண்ண?"

"பண்ண வேண்டாம். சும்மா நின்னு பாரு."

ஸ்மதார் குனிந்தபடி மெதுவாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியவே தெரியாது."

"எனக்கும்."

"ஞாயித்துக்கிழமை ஹெம்தாகிட்ட சொல்லணும். ரெண்டு பேருமே."

"நிறுத்திடுவாங்களா?"

"அநேகமா."

புதிய துணையோடு முதலிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் எத்தனை மாதம்? பண்டிகைகள் அடுத்த வாரம் தொடங்குகின்றன. திர்ஸாவின் கடை காலியாகும், எய்லாத் பஸ் கிளம்பும், நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். ஸ்மதாருக்குத் திர்ஸாவைப் பற்றி எல்லாம் தெரியும். என்ன யோசிக்கிறேன் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

"உங்க அக்கா வகுப்புல ஓயாம ஒரு தம்பியப் பத்திச் சொல்லுவாங்க. வெளிய கல்லு, உள்ள தங்கம்னு. நான் மனசுக்குள்ள நினைப்பேன், பாவம், யார் பெத்த புள்ளையோ, இந்த அம்மாகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்குதுன்னு."

சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கேட்டதும் சமையலறைக் கதவு திறந்தது.

அக்கா இப்போது முழு உற்சாகத்தோடு உட்கார்ந்தாள். "பானை வகுப்பு வாரத்துல ரெண்டு நாள்தானே, ஸ்மதார்? மத்த நாள் என்ன பண்றே?"

"ஒரு கிளினிக்ல வேலை."

"நர்ஸா? சொல்லவே இல்லையே!"

"நர்ஸ் இல்ல. ஆளுங்களுக்கு... பயிற்சி மாதிரி."

"பிசியோதெரபியா! எனக்கு முழங்கால் உயிர் போகுது. ரஹமிம், என் முழங்காலப் பத்திச் சொல்லு."

"உன் முழங்காலப் பத்தி இந்தத் தெருவுக்கே தெரியும்" என்றார் அத்தான்.

"எந்த இடத்துல கிளினிக்? திங்கக்கிழமை நான் வர்றேன். உங்க டாக்டர் பேர் என்ன?"

ஸ்மதார் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கழுத்து சிவந்தது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அந்தச் சிறிய வீட்டில், எனக்குச் சங்கடமானதைக்கூட அவள் மறைத்ததில்லை. இப்போது ஒன்று அவள் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் அக்காவின் மேசையில், அத்தானின் முன்னால், தன் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். இரண்டும் அவளுக்கு நேரக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. மற்றது வாயிலிருந்து தானாக வந்தது.

"அக்கா, எனக்கு ஒருத்தி இருக்கா."

அக்கா கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"கடவுளே" என்றார் அத்தான். "பேசிட்டான்."

"ஒருத்தியா?" என்றாள் அக்கா. "உனக்கா? பொம்பளையா?"

"பேர் திர்ஸா. எதிர்க் கடை. மூக்குக்கண்ணாடி விக்கறா."

"எவ்வளவு நாளா?"

"எட்டு வருஷமா எதிர்லதான் இருக்கா."

"எட்டு வருஷமா எதிர்ல இருக்கான்னா? எதிர்லயே நின்னுட்டு இருக்கியா? ரோட்டத் தாண்டலையா?"

அதற்குப் பிறகு நான் பேசினேன். எப்படி அவ்வளவு பேசினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. தக்காளியைப் பற்றிச் சொன்னேன். படிக்கட்டுத் திருடனைப் பற்றிச் சொன்னேன். திர்ஸா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுவதும் கண்ணாடியைத் தேடுவதைச் சொன்னேன். அத்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்மதார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் முன்பே அவளுக்குத் தெரிந்தவைதான், ஆனால் தாளமுடியாமல் சிரித்தாள். தன் பானை டீச்சரை மறந்தே போனாள் அக்கா.

"சபாத் முடிஞ்ச உடனே அவளுக்குப் போன் பண்றேன்" என்றாள். "பேர் தெரியும், தெரு தெரியும், விசாரிச்சா நம்பர் குடுப்பாங்க. புத்தாண்டுக்கு இங்க வரட்டும்."

"அக்கா, வேண்டாம். அவளுக்கு இன்னும் தெரியாது."

"யாருக்குத் தெரியாது?"

"திர்ஸாவுக்கு."

மேசையில் ஒரு மௌனம். நான் வழக்கமாக விரும்புகிற வகை மௌனம் இல்லை.

"அப்ப நானே சொல்லிடறேன்" என்றாள் அக்கா.

அவள் சொன்னதைச் செய்கிறவள். ஓய்வுநாளில் மட்டும் தொலைபேசியைத் தொட மாட்டாள். நாளை மாலை ஓய்வுநாள் முடிகிற அடையாளமாக வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிறவரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அதற்கு ஒரு நிமிஷம் மேலே கிடையாது.

ஸ்மதார் கிளம்பும்போது அக்காவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம், "நல்லா பேசினீங்க" என்று மட்டும் சொன்னாள், புதிதாகப் பழகியவர்கள் சொல்வதைப்போல.

காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, ஜெபக்கூடத்துக்குக் கிளம்பிய அத்தான் பார்த்துவிட்டார்.

"எங்க?"

"ஹைஃபா."

"ரயில் கிடையாது இன்னிக்கு."

"பழைய பஸ் நிலையத்துல ஷேர் டாக்சி ஓடும்."

ஓய்வுநாளில் வண்டி ஏறுகிற பேச்சு அவருக்குப் பிடிக்காது. தாடியைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார். "நான் உன்னப் பாக்கல. நான் ஜெபத்துல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் எனக்கு முன்னால் இறங்கி எதிர்ப்பக்கம் நடந்தார்.

டெல் அவிவ்வரைக்கும் வெயிலில் நடந்தேன். "ஹைஃபா, ஹைஃபா, ஒரே ஆள்!" என்று ஓட்டுநர் கத்திக்கொண்டிருந்தான். நிரம்பினால்தான் வண்டி நகரும், அந்தக் கடைசி ஆள் நான். பக்கத்தில் மடியில் கேக் வைத்திருந்த ஒரு ரஷ்யக்காரி. கேக்குக்கு இடிபடாமல் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். திட்டம் போட்டபடி எதுவும் முடியவில்லை. முழு ஆளாகவில்லை. சொல்லப் போனால் நேற்று இரவோடு தால்யாவும் போய்விட்டாள். கையில் இருப்பது பாதி மட்டும். நேற்று அவ்வளவு பேசியது எப்படி? இன்னொருத்தியைக் காப்பாற்றப் பேசினேன், அதனால் வந்தது. எனக்காகப் பேசும்போது வருமா? நெதன்யா தாண்டியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. நேற்று அந்த மேசையில் திர்ஸாவின் பெயரைச் சொன்னபோது என் கைகள் ஜில்லிடவில்லை.

மூன்றாவது மாடிவரைக்கும் ஏறினேன். தட்டினேன். திர்ஸா ஈரத்தலையோடு திறந்தாள், கண்ணாடி நெற்றியில்.

"யார் செத்துட்டாங்க?" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

"யாரும் இல்ல. சாயந்திரம் எங்க அக்கா உங்களுக்குப் போன் பண்ணுவா."

"உங்க அக்காவா? எனக்கா? எதுக்கு?"

"நான் சொல்ல வேண்டியதச் சொல்ல."

"அப்ப நான் சாயந்திரம் வரைக்கும் காத்திருக்கணுமா?"

உள்ளே போய், உட்காராமல், நின்றபடியே சொன்னேன். ஹைஃபாவில் இருக்க ஒரு காரணம் உண்டு என்று சொன்னேன். பிறகு உடம்பைப் பற்றிச் சொன்னேன், கல்யாணத்தைப் பற்றி, படிக்கட்டில் ஏன் இறங்கினேன் என்பதைப் பற்றி. பிறகு கிளினிக்கைப் பற்றி, தால்யாவைப் பற்றி. அத்திப்பழத்தையும் தூங்கிப்போனதையும்கூட விடவில்லை. அவளுடைய உண்மைப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

திர்ஸா நீண்ட நேரம் பேசவில்லை. மௌனம் எவ்வளவு கனமானது என்று, மற்றவர்கள் என்னோடு இத்தனை வருடம் என்ன பட்டிருப்பார்கள் என்று, அப்போதுதான் தெரிந்தது.

"டெல் அவிவுக்குப் புத்தகம் வாங்கப் போறேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒரு புத்தகமும் வரலையேன்னு பாத்தேன்." எழுந்து பால்கனிக்குப் போனாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், ஏற்கெனவே ஈரமாக இருந்த செடிக்கு. திரும்பி வந்தாள். "எனக்குக் கோவம் இல்ல. இல்ல, இருக்கு. கொஞ்சம். நாளைக்குப் போயிடும்னு நினைக்கறேன்."

"இன்னும் முழுசா சரியாகல, திர்ஸா. அது முடிஞ்சப்புறம் வரலாம்னுதான் இருந்தேன்."

"பண்டிகைக்கு அப்புறமா?" என்றாள். பிறகு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் முழுசா சரியா இருக்குன்னு யார் சொன்னா? மோனி போனதுலேர்ந்து, யாராவது தோள்ல கை வெச்சாக்கூட எனக்கு அழுகை வருது. பஸ்ல ஒரு கிழவி கையப் பிடிச்சா, அழுதேன். காபிக்குக் கூப்பிட்டேனே, அன்னிக்கு நீங்க மேல வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைக்கறீங்க? நீங்க ஓடறீங்க, நான் அழறேன். நல்ல ஜோடிதான்."

மேசைமேல் கையை நீட்டினாள்.

"கத்துக்கிட்டதக் காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். அவள் விரல்கள் மெல்லியவை, நுனியில் மட்டும் சின்னத் திருகாணிகளைத் திருகித் திருகித் தடித்திருந்தன. எலுமிச்சை வாசனை வந்தது. ஒரு இடத்தில் என் கை ஜில்லிட ஆரம்பித்தது. நிறுத்தி, "கொஞ்சம் பொறுங்க" என்றேன். பொறுத்தாள். பிறகு அவள் அழ ஆரம்பித்தாள், "கொஞ்சம் பொறுங்க" என்றாள். பொறுத்தேன். அந்த மத்தியானம் முழுவதும் எங்களுக்கு அதற்கே சரியாக இருந்தது.

இருட்டுகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. திர்ஸா எடுத்தாள். மறுமுனையில் அக்கா பேசுவது அறை முழுவதும் கேட்டது.

"ஆமாங்க, சொல்லிட்டாரு" என்றாள் திர்ஸா. "காலையிலயே. இல்ல, ஓடல. இங்கதான் உக்காந்திருக்காரு. புத்தாண்டுக்கா? வர்றோம். தக்காளி நான் கொண்டுவர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்மதாரும் நானும் தனித்தனியாக ஹெம்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். சூட்டுத்தட்டுக் கதையில் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, விதி விதிதான் என்றார். வெளியே தெரிந்தவர்களாகிவிட்ட பிறகு தொடர முடியாது. பிரிவுக்கான சந்திப்பு மட்டும் உண்டு, அதைத் தவிர்க்கக் கூடாது.

"மிச்சம் இருக்கே, டாக்டர்" என்றேன்.

"மிச்சத்துக்குத் திர்ஸாவக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குச் சம்மதம்னா."

பிரிவுச் சந்திப்பில் நாங்கள் இருவரும் வழக்கம்போல அதிகம் பேசவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும் என்பது முறை. நிறுத்தக் கற்றுக்கொண்டேன் என்றேன் நான். சும்மா உட்காரக் கற்றுக்கொண்டேன் என்றாள் அவள். எனக்குத் துக்கம் இருந்தது, அதை ஒளிக்கவில்லை, ஆனால் அது தாங்கக்கூடிய துக்கம். பிறகு எழுந்து கட்டிக்கொண்டோம். முதலில் அவள் வெளியேறினாள்.

திர்ஸா எய்லாத்துக்குப் போகவில்லை. கடையை இரண்டு கட்டடம் தள்ளி மாற்றிக்கொண்டாள். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஹெம்தாவிடம் போனோம், வசந்தத்தில் வருகிற பெசாக் பண்டிகைக்கு முன்னால் போகத் தேவையில்லாமல் ஆயிற்று. அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டோம், இன்றுவரை சேர்ந்து இருக்கிறோம். ஹெம்தா ஓய்வுபெற்று மகளோடு எருசலேமில் இருக்கிறார். ஸ்மதார் அந்த வேலையைச் சில வருடம் செய்துவிட்டு, கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டாள். மாப்பிள்ளை அக்கா பார்த்தவர் இல்லை என்பதில் அக்காவுக்கு வருத்தம். எங்களுக்கு முன்பே பழக்கம் என்பது அக்காவுக்கு இன்றும் தெரியாது. அத்தான் ரஹமிம் போன வருடம் இறந்துபோனார். அக்கா இரண்டு முழங்காலிலும் அறுவைசிகிச்சை செய்துகொண்டு நன்றாக நடக்கிறாள். நான் புத்தகக் கடையை விற்றுவிட்டேன், புத்தகங்களில் பாதி வீட்டில் இருக்கின்றன.